நெல்லைப் போரில் பூலித்தேவர் வென்றிருந்தால்?

இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே சென்றால் வாசுதேவநல்லூர். அதற்கும் அப்பால் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1755இல் கர்னல் ஹெரான் கேட்ட கப்பத்தை மறுத்த பூலித்தேவர், மேற்குப் பாளையங்களைத் திரட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையும் அவர் வசமாயிற்று. 1756 மார்ச்சில், திருநெல்வேலி அருகே நவாபின் அண்ணன் மாபூஸ்கானுடன் நடந்த போரில் நண்பர் மூடேமியா வீழ்ந்தார், படை சிதறியது. பின்னர் வந்த யூசுப்கான் 1761இல் நெற்கட்டும்செவலையும் வீழ்த்தினார்.

அன்று வென்றிருந்தால், தென்பாண்டியில் கும்பெனி காலூன்றியிராது என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆனால், ஹெரானிடம் பிணையாட்களை ஒப்படைத்திருந்த பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் அந்த அணியில் சேரவில்லை. 43 ஆண்டுகள் கழித்து, 1799இல் பாஞ்சாலங்குறிச்சி எதிர்த்து நின்றபோது எட்டயபுரம் கும்பெனியின் பக்கம் நின்றது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

நெல்லையில் கிட்டும் வெற்றி சில ஆண்டுகள் அவகாசம் தந்திருக்கலாம். அதற்குள் பாளையங்கள் ஒன்றுகூடியிருக்குமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.