பிரித்த ஒலியைச் சேர்த்த வரலாறு

ஒலிபெருக்கியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் 1925ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளும் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியை அவ்வாண்டில் விளக்கினர். ஆயினும் ஒரே கூம்பு முரசின் முழக்கத்தையும் சலங்கையின் ஒலியையும் ஒருங்கே செவ்வனே தருதல் அரிது. தாழ்ந்த ஒலிக்குப் பெரிய பரப்பு வேண்டும். உயர்ந்த ஒலிக்கு இலேசான சிறு பரப்பே ஏற்றது. ஆகவே ஒலியைப் பகுத்துத் தனித்தனி இயக்கிகளிடம் ஒப்படைக்கும் முறை எழுந்தது. பகுத்ததை மீண்டும் ஒன்றாக்குவதோ நெடுங்காலம் பொறியாளரை அலைக்கழித்தது.

அவ்விடர்ப்பாட்டை வெளிப்படுத்தியது ஒரு நடனம் என்றால் வியப்பாக இல்லையா? 1930களில் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் திரைப்பட நிறுவனத்தில் டக்ளஸ் ஷியரரும் ஜான் ஹில்லியார்டும் திரையரங்க ஒலிபெருக்கிகளை ஆராய்ந்து வந்தனர். எலினார் பவல் காலணியால் தரையைத் தட்டி ஆடும் காட்சியின் ஒலியை ஓர் இருவழி ஒலிபெருக்கியில் கேட்டபோது, ஒவ்வொரு தட்டும் இரண்டாகக் கேட்டது. தாழ்ந்த ஒலி நீண்ட குழல் வழியாகவும், உயர்ந்த ஒலி குறுகிய குழல் வழியாகவும் வந்தமையே காரணம். வேறுபாடு ஏறத்தாழ எட்டடி. அதைக் கடக்க ஒலிக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏழு பங்கு ஆகும். ஒலியின் வலிமையை மட்டும் காட்டும் கருவிக்கு எளிதில் புலப்படாத பிழையைச் செவி கண்டுகொண்டது! பின்னர்க் குழலைக் குறுக்கி அவர்கள் அமைத்த ஒலிபெருக்கி 1936ஆம் ஆண்டுக்குரிய ஆஸ்கார் தொழில்நுட்ப விருதைப் பெற்றது.

காலத்தையும் அளக்கும் கருவி பின்னரே வந்தது. கலிபோர்னியாவின் ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹேசர் 1967இல் ஒரு முறையை வெளியிட்டார். தாழ்ந்த அதிர்விலிருந்து உயர்ந்த அதிர்வுக்குச் சீராக ஏறும் ஒலியை எழுப்பி, பெறும் கருவியையும் அதே வேகத்தில் உடன் ஏறச் செய்தார். சுவரில் மோதித் தாமதமாக வரும் எதிரொலி வந்தடைவதற்குள் கருவி அடுத்த அதிர்வுக்குச் சென்றுவிடும். இதனால் எதிரொலியற்ற தனி அறை இன்றியும் அளக்க இயன்றது. இதைவிட எளிய நுட்பத்தை யான் இத்துறையில் கண்டதில்லை.

அடுத்தது இசைவிப்பு. விநாடிக்கு 2000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஓர் இயக்கி அதில் பாதியளவு பின்தங்கினால், ஒன்றின் முகடு மற்றதன் அகட்டில் விழுந்து ஒலி தேயும். மின்பெருக்கிக்குப் பின் சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்டு பகுக்கும் பழைய முறையில் இதனை நுணுக்கமாகத் திருத்துதல் கடினம். மின்பெருக்கிக்கு முன்னரே பகுத்து, ஒவ்வோர் இயக்கிக்கும் தனி மின்பெருக்கி அளிப்பதே செயல்வழி முறை. ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனப் பொறியாளரான சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், தம்முடன் பணியாற்றிய ரஸ் ரைலியின் துணையோடு கண்ட வடிப்பியை 1976இல் வெளியிட்டார். பகுக்கும் புள்ளியில் இரு இயக்கிகளும் பாதி அழுத்தமே தரும். ஆனால் ஒரே கட்டத்தில் அசையும். இரு பாதிகள் சேர்ந்து முழுமையாகின்றன. அதுவரை பெரிதும் பயன்பட்ட மூன்றாம் படி வடிப்பியிலோ இரண்டும் கால் சுற்று விலகி நின்றதால், ஒலிக்கற்றை ஒரு பக்கம் சாய்ந்தது.

இன்று இலக்கக் கருவிகள் வேண்டிய தாமதத்தை நொடியில் அமைக்கின்றன. வரைகோடு நேராகிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவோர் உளர். ஒலிவாங்கியை ஒரு முழம் நகர்த்தினால் அக்கோடே மாறிவிடுகிறது. அதனால் பொறியாளர் பல இடங்களில் அளந்து, எல்லா இடத்தும் தோன்றும் குறையையே திருத்துகின்றனர். பிறகு, 1930களில் ஹில்லியார்டு செய்ததுபோல், அமர்ந்து கேட்கின்றனர்.