ஆறு கண்ணியில் பிறந்தவன்

குரோஷாப் பனிமனிதன் பிறப்பது ஓர் ஓட்டையில். நூலை இடது ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் கொக்கி ஊசியை விட்டு ஆறு கண்ணி போட வேண்டும். பிறகு தொங்கிக்கொண்டிருக்கும் வால்நூலைப் பிடித்து இழுத்தால் வளையம் சுருங்கி ஓட்டை மூடிக்கொள்ளும். கையில் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை முடிச்சு. அதுதான் அவனுடைய அடி. அங்கிருந்து மேல்நோக்கி வளர்வான்.

அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு போட, ஆறு பன்னிரண்டாகும். அதற்கடுத்து 18, 24, 30, 36. சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் விரிகிறது. ஏன் ஆறு, ஏன் ஐந்தோ எட்டோ இல்லை என்று எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியம்மாவிடம் கேட்டேன். "போட்டுப் பாரு, தெரியும்" என்றாள்.

போட்டுப் பார்த்தேன். பேச்சுவாக்கில் எண்ண மறந்து, எல்லாக் கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட்டு நான்காவது சுற்றிலேயே 48க்குப் போய்விட்டேன். ஓரமெல்லாம் நெளிந்து சுருண்டு, மேசையில் வைத்தால் படுக்க மறுத்தது. "பொம்மைன்னியே, இது என்னடி பொரிச்ச அப்பளமா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வட்டத்தின் ஆரம் ஓர் அலகு நீண்டால் சுற்றளவு 6.28 அலகு நீளும். அந்தப் பழைய 2 பை. சிங்கிள் குரோஷாக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே ஒரு சுற்று ஏறும்போது ஓரத்தில் ஆறு கண்ணிக்குச் சற்று மேல் இடம் உண்டாகிறது. ஆறு கூட்டினால் தட்டு. குறைந்தால் கிண்ணம். மிகுந்தால் அப்பளம்.

அந்த அப்பளத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. லாத்வியாவில் பிறந்த கணித ஆசிரியர் டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் இதே நெளியலை வேண்டுமென்றே போட்டார். இப்படி நெளியும் பரப்புக்கு வடிவியலில் அதிபரவளைவுத் தளம் என்று பெயர். அதற்குக் காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் கை பட்டால் கிழிந்தன. குரோஷாவில் போட்டதை மாணவர்கள் மடித்தும் விரித்தும் பார்க்க முடிந்தது. நான் யாருக்கும் தெரியாமல் பிரித்துச் சுற்றிவைத்த பிழை இன்னோர் ஊரில் பாடமாகியிருக்கிறது.

பனிக்கும் ஆறுதான் கணக்கு. பிராக் நகரில் பேரரசரின் கணித அறிஞராக இருந்த யோஹான்னஸ் கெப்ளர், 1611ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்குத் தன் புரவலருக்கு ஒரு சிறுநூலைப் பரிசாகக் கொடுத்தார். பாலத்தைக் கடக்கும்போது மேலங்கியில் விழுந்த பனித்துகள்களுக்கு எப்போதும் ஆறு முனை இருப்பது ஏன் என்பதுதான் அதில் கேள்வி. (லத்தீனில் பனிக்கு 'நிக்ஸ்' என்று பெயர். அவர் பேசிய ஜெர்மனில் அதே ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். ஒன்றுமில்லாததைப் பரிசு தருகிறேன் என்று சிலேடை. காளமேகம் இருந்தால் ரசித்திருப்பார்.) தேனடையையும் மாதுளை முத்துகளையும் அலசிப் பார்த்தும் விடை பிடிபடவில்லை, வேதியியல் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடித்துவிட்டார். உறையும்போது நீரின் மூலக்கூறுகள் அறுகோண அடுக்காகக் கோத்துக்கொள்கின்றன என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெளிவானது.

கண்ணியின் ஆறு வட்டத்திலிருந்து வருகிறது, பனியின் ஆறு தண்ணீரிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தாலும் வளையத்தை இழுத்து மூடும்போதெல்லாம் எனக்குக் கெப்ளரின் மேலங்கி ஞாபகம் வந்துவிடுகிறது.

பனியே ஒரு முடியிழையில் பிறந்த கதையும் உண்டு. ஜப்பானின் சப்போரோவில் உள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிசிரோ நகாயா என்ற இயற்பியலாளர், குளிரறைக்குள் பனிப்படிகம் வளர்க்க முயன்றார். படிகம் தொற்றி வளர ஓர் இழை வேண்டும். மற்ற இழைகளில் உறைபனி கம்பளிப்பூச்சிபோல் நெடுக ஒட்டிக்கொண்டதே தவிர, தனிப்படிகம் எழவில்லை. கடைசியில் கைகொடுத்தது முயல் முடி. அதில்தான் 1936இல் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகம் பூத்தது. அதே சப்போரோவில் 1950இல் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் பனிச்சிலைகள் செய்து வைத்தார்கள். அதுதான் இன்றைய புகழ்பெற்ற பனித் திருவிழாவின் தொடக்கம். எத்தனை சிலைகள் என்கிறீர்கள்? ஆறு. இது தற்செயல்தான், நகர்ந்துவிடுவோம்.

பஞ்சடைத்த குரோஷாப் பொம்மைக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயரும் ஜப்பானுடையது: அமிகுருமி. 'அமு' என்றால் பின்னுவது. 'நுய்குருமி' என்றால் பஞ்சடைத்த துணிப்பொம்மை. சுற்றை முடிச்சிட்டு மூடாமல் சுருள் சுருளாக ஏறிக்கொண்டே போவது இதன் முறை. சுற்று எங்கே தொடங்கியது என்று மறந்துபோகும். அதற்காக முதல் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டி வைப்பேன்.

36இல் கூட்டுவதை நிறுத்தி மேலும் ஆறு சுற்று அப்படியே போனால் சுவர் எழும்பும். பிறகு இரண்டு கண்ணியை ஒன்றாக்கிக் குறைக்க வேண்டும்: 30, 24, 18. அந்தப் பதினெட்டுதான் கழுத்து. இந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். உருண்டை இரண்டா, மூன்றா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் மூன்று அடுக்குவார்கள். ஜப்பானில் இரண்டே இரண்டு. காரணம் பெயரில் இருக்கிறது. அவர்கள் இவனைப் பனிமனிதன் என்று சொல்வதில்லை. 'யுகி தருமா' என்கிறார்கள். யுகி என்றால் பனி. தருமா வேறு யாருமில்லை, நம் போதிதர்மர்.

தருமா என்பது ஜப்பானியர் வீட்டில் வைக்கும் காகிதக்கூழ்ப் பொம்மை. சிவப்பு நிறம், உருண்டை உடம்பு, அடியில் பாரம். தள்ளிவிட்டால் எழுந்து உட்காரும், நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பங்காளிபோல. குன்மா மாகாணத்தின் தகாசாகி நகரம் இதற்குப் பேர்போனது. ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே தவம் செய்ததில் போதிதர்மரின் கைகால்கள் சூம்பி உதிர்ந்துவிட்டன என்பது கதை. அதனால் பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. எடோ காலத்து ஓவியங்களில் வரும் பனி உருவங்கள் இந்தத் தருமாவின் சாயலிலேயே இருக்கின்றன. தலையும் உடம்புமாக உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றாவது உருண்டை எதற்கு?

போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். 2011இல் '7ஆம் அறிவு' படம் வந்த பிறகு அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சீனப் பழங்குறிப்புகள் அவ்வளவு உறுதியாக இல்லை. ஒன்று அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது, கி.பி. 547இல் எழுதப்பட்ட இன்னொன்று பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. காஞ்சி என்பது மரபு, ஆவணம் அல்ல. மரபாகவே வைத்துக்கொண்டாலும் வேடிக்கைதான். பனி விழாத ஊரில் பிறந்ததாகச் சொல்லப்படுபவரின் பெயரைச் சொல்லி ஜப்பானியக் குழந்தைகள் பனியை உருட்டுகிறார்கள். அவருக்கும் பனிக்கும் ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு: ஹுய்கே என்ற துறவி, தன்னைச் சீடனாக ஏற்கும்படி அவருடைய குகை வாசலில் இரவெல்லாம் பனியில் நின்றார், பனி முழங்கால் வரை ஏறியது என்று ஜென் மரபு சொல்கிறது. இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து நான் மூன்றாவது உருண்டை போடுவதில்லை.

கழுத்திலிருந்து மறுபடி கூட்டல்: 24, 30. ஐந்து சுற்று அப்படியே. மூடுவதற்கு முன்னால் கண் வைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கண்ணுக்குப் பின்னால் ஒரு வட்டு உண்டு. உட்புறமிருந்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், திரும்பக் கழற்ற முடியாது. (வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு என்றால் அதுவும் வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள்.) தருமா பொம்மை கண் வரையாமல்தான் விற்கப்படும். வேண்டுதல் வைக்கும்போது ஒரு கண், நிறைவேறியதும் மறு கண். என்னிடம் ஒருமுறை ஒரு வட்டு தொலைந்துபோய், பனிமனிதன் இரண்டு வாரம் ஒற்றைக் கண்ணோடு அலமாரியில் இருந்தான். பார்த்தவர்களிடம் வேண்டுதல் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

உள்ளே அடைப்பது தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சு. கழுத்தில் இறுக்கி அடைக்காவிட்டால் இரண்டே நாளில் தலை சாய்ந்துவிடும். பஞ்சடைத்த பனிமனிதர்களில் பெரியண்ணன் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில் இருக்கிறான். அவன் பெயர் பூக். ஏப்ரலில் அவன் தலைக்குள் வெடியை வைத்து, விறகுக் குவியலின் உச்சியில் நிறுத்தி, மாலை ஆறு மணிக்குத் தீ வைப்பார்கள். போகிக்கு நாம் பழையதைக் கொளுத்துவதுபோல அவர்கள் குளிர்காலத்தைக் கொளுத்துகிறார்கள். தலை சீக்கிரம் வெடித்தால் கோடை நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை.

வெயிலோ தீயோ, பனிமனிதனின் குலத்தில் முதுமை கண்டவர்கள் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பனிமனிதன் படம் 1380ஆம் ஆண்டுப் பிரார்த்தனைச் சுவடி ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. சுவடி ஹேக் நகரில் உள்ள தேசிய நூலகத்தில். அதிலேயே அவன் தீக்கு முதுகைக் காட்டி உருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். 1494 ஜனவரியில் ஃபுளோரன்ஸ் நகரில் கடும் பனி விழுந்தபோது, நகரின் அதிபதி பியரோ டி மெடிசி இளைஞன் மைக்கலாஞ்சலோவை அழைத்துத் தன் மாளிகை முற்றத்தில் ஒரு பனிச்சிலை செய்யச் சொன்னதாகக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். அந்தச் சிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கோட்டோவியம்கூட மிஞ்சவில்லை.

நம் ஆள் உருக மாட்டான். கடையில் உல்லன் நூல் என்று கேட்டாலும் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமம் இல்லை, பெட்ரோலிய வழிவந்த இழை. பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலும் அசையான். அவனுக்கு எதிரி இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். சூடு பட்டால் அக்ரிலிக் துவண்டு, பிறகு என்ன செய்தாலும் நிமிராது.

கடைசியில் கழுத்துக்கு ஒரு சிவப்பு மஃப்ளர். அதைப் போடும்போது விக்டோரியா மகாராணியை நினைத்துக்கொள்ளலாம். எண்பது வயதில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் தீரம் காட்டிய வீரர்களுக்காகத் தன் கையால் எட்டு மஃப்ளர்கள் குரோஷாவில் போட்டுக் கொடுத்தவர். பிறகு ஆரஞ்சு நிறத்தில் கேரட் மூக்கு, தலைக்குக் குல்லா. ஆயிற்று.

போன டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் விற்பனையில் மேசை போட்டிருந்தேன். பனிமனிதன் 350 ரூபாய். ஓர் அம்மா கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஷின்ல போட்டதுதானே? நூத்தம்பதுக்குக் குடுங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்வெட்டரை இயந்திரம் பின்னுகிறது, துணியை இயந்திரம் நெய்கிறது, குரோஷாவையும் ஏதோ ஓர் ஆலை போடுகிறது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் குரோஷாவை ஆலைக்கணக்கில் போட்டுத் தள்ளும் இயந்திரம் கிடையாது. பார்வைக்கு அதுபோலத் தோன்றும் வலைத்துணியை இயந்திரம் தரும்; உண்மையான குரோஷாக் கண்ணிக்கு ஒரு கொக்கியும் ஒரு கையும் வேண்டும். எங்கோ ஒரு பெருங்கடையில் நூறு ரூபாய்க்குக் குரோஷாப் பொம்மை தொங்கினால், யாரோ ஒருவருடைய விரல்கள் அந்த விலைக்கு உழைத்திருக்கின்றன என்றுதான் அர்த்தம்.

இது புதிதல்ல. 1823இல் 'பெனலோபே' என்ற டச்சுப் பத்திரிகை குரோஷா மாதிரிகளை அச்சிட்டபோது, அது பட்டுநூலில் பணப்பை பின்னும் வசதியான பெண்களின் பொழுதுபோக்கு. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்ததும் அதுவே பிழைப்பாயிற்று. கார்க் பகுதியில் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்தார்கள். குளோன்ஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் பெண்களைத் திரட்டினார். குடிசைகளில் போட்ட லேஸ் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போனது. குடிசைக்குத் திரும்பி வந்தது கஞ்சிக்கான காசு.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னது கணக்கு மட்டும்தான். உடம்புக்கு 414 கண்ணி, தலைக்கு 264, ஆக 678. அதற்கு மேல் குல்லா, மஃப்ளர், மூக்கு, பஞ்சு, தையல். என் கைக்கு ஒரு பொம்மை மூன்று மணி நேரம். அவர் கொஞ்சம் யோசித்து 300 ரூபாய் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன். விட்டுக்கொடுத்தது தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன்.

இந்த டிசம்பரில் எங்காவது ஒரு மேசையில் இவனைப் பார்த்தால் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். நடுவில் ஆறு கண்ணி இருக்கும். எண்ணிவிட்டு விலை கேளுங்கள்.