வரி செலுத்துவோரின் வழக்குத் தகுதி (அமெரிக்கா)

அரசின் செலவு சட்டத்துக்குப் புறம்பானது என்று, வரி கட்டுகிறேன் என்ற ஒரே தகுதியை வைத்து ஒருவர் வழக்குத் தொடர முடியுமா என்பது அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. நகராட்சிச் செலவுகளைப் பொறுத்தவரை, கிராம்ப்டன் எதிர் ஜாப்ரிஸ்கி வழக்கில் 1879இலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தகுதியை ஏற்றது. கூட்டாட்சி அரசின் செலவு என்று வந்ததும் விடை மாறியது. தாய் சேய் இறப்பைக் குறைக்க மாநிலங்களுக்கு நிதி வழங்கிய 1921ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த ஃப்ராதிங்ஹாம் எதிர் மெலன் வழக்கு 1923இல் தள்ளுபடியானது. கோடிக்கணக்கானோரின் வரியோடு கலந்த பணத்தில் ஒருவரின் பங்கு மிகச் சிறியது, ஆகவே அவருக்கெனத் தனிப் பாதிப்பு இல்லை என்று நீதிபதி சதர்லேண்ட் காரணம் எழுதினார்.

தொகையை அளந்த இந்தக் காரணம் வரம்பு மீறலைக் கணக்கில் எடுக்கவில்லை. 1785இல் வர்ஜீனியாவில் கிறித்தவப் போதகர்களுக்காக வரி விதிக்க முயன்றபோது, ஒரு மதத்துக்காக மூன்று பென்ஸைக்கூடக் கட்டாயமாக வாங்க அரசுக்கு அதிகாரமில்லை என்ற நிலையில் நின்று ஜேம்ஸ் மேடிசன் எதிர்த்தார். இந்த வரலாற்றைச் சான்றாகக் கொண்டே, மதப் பள்ளிகளுக்குக் கூட்டாட்சிக் கல்வி நிதி செல்வதை எதிர்த்த ஃப்ளாஸ்ட் எதிர் கோஹன் வழக்கை 1968இல் எட்டு நீதிபதிகள் அனுமதித்தனர். ஹார்லன் மட்டும் மாறுபட்டார். எதிர்க்கப்படுவது நாடாளுமன்றம் தன் வரி, செலவு அதிகாரத்தின் கீழ் செய்ததாக இருக்க வேண்டும், அந்த அதிகாரத்துக்கு அரசமைப்பு இட்ட குறிப்பான தடையை மீறியதாகவும் இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி வாரன் இரண்டு நிபந்தனைகளை வகுத்தார்.

பின்வந்த தீர்ப்புகள் இந்த வழியைப் படிப்படியாகக் குறுக்கின. மத்திய உளவு நிறுவனத்தின் செலவுக் கணக்கைக் கேட்ட ரிச்சர்ட்சன் வழக்கு 1974இல் தோற்றது. 1982இல் வேலி ஃபோர்ஜ் வழக்கில், கிறித்தவக் கல்லூரிக்கு அரசு கொடுத்தது பணமன்று, நிலம் என்பது தடையானது. 2007இல் ஹெய்ன் வழக்கில், செலவை முடிவு செய்தது நாடாளுமன்றமன்று, நிர்வாகத் துறை என்பது தடையானது. 2011இல் வின் வழக்கில், அரிசோனா அளித்தது வரிச்சலுகை, செலவன்று என்றார்கள். கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாலும், வரவேண்டிய வரியை விட்டுக்கொடுத்தாலும் பலன் ஒன்றே என நீதிபதி கேகன் தம் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டியது வலுவான வாதம்.

எல்லோரையும் அனுமதித்தால் நீதிமன்றமே அரசின் தணிக்கையாளராகிவிடும், பொதுக்குறைக்குத் தேர்தலே மருந்து என்பது எதிர்வாதம். அதிகாரப் பிரிவினை சார்ந்த இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நகராட்சி அளவில் நெடுங்காலமாகவும், பெரும்பாலான மாநிலங்களின் நீதிமன்றங்களில் பல வடிவங்களிலும் இத்தகைய வழக்குகள் நடந்துவருகின்றன. அதனால் அங்கெல்லாம் நிர்வாகம் முடங்கிவிடவில்லை. கணக்கே மறைக்கப்பட்ட செலவைப் பற்றி வாக்காளர் தேர்தலில் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அதற்கும் மேலாக, பெரும்பான்மையின் விருப்பத்துக்கே எல்லை வகுக்கும் ஒரு தடையைக் காக்கும் பொறுப்பைப் பெரும்பான்மையின் வாக்கிடமே விடுவது பொருந்தாது. வின் தீர்ப்பும் ஃப்ளாஸ்ட்டை ரத்து செய்யவில்லை. மீறல் எல்லோரையும் பாதிக்கிறது என்பதற்காக அதை எதிர்க்க ஒருவருக்கும் தகுதியில்லை என்றாக்கும் கோட்பாடு, அரசமைப்பின் தடையை ஏட்டளவில் நிறுத்திவிடுகிறது.