பேரன் முகம் காண விழைந்த அன்னையர்

மக்களுக்கு மணம் முடித்து வைத்துவிட்டால் பெற்றோரின் கவலை ஓய்ந்துவிடும் என்பர். அது ஓய்வதில்லை என்பதை நாம் இல்லந்தோறும் காண்கிறோம். நிக்காஹ் நடந்து ஆறு திங்கள் கழியுமுன்னரே, "விசேஷம் ஏதும் உண்டா?" என்னும் வினா எழுந்துவிடுகிறது. ஓராண்டு சென்றால் அவ்வினா கவலையாகிறது. மூன்றாண்டு சென்றால் அக்கவலை மருமகள்மீது பழியாக இறங்குகிறது.

இக்கவலை குடிசைக்கும் உண்டு, கோட்டைக்கும் உண்டு. முகலாய அரசின் தொடக்க காலத்தில் இரண்டு அன்னையர் இதில் உழன்ற வரலாற்றை அக்குடும்பத்தாரே எழுதி வைத்துள்ளனர். நாம் அதனை ஈண்டு நினைவுகூர்வோம்.

முதலாமவர் பாபரின் தாயார் குத்லுக் நிகார் கானும். பாபர் தம் வாழ்க்கையைத் துருக்கி மொழியில் தாமே எழுதியவர். தம் குறைகளை மறையாது கூறுவது அந்நூலின் சிறப்பு. ஆயிஷா சுல்தான் பேகத்தை மணந்தபோது பாபர் பதினேழு வயது இளைஞர். நாணத்தால் மனைவியிடம் பத்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையே சென்றதாகவும், பின்னர் அந்த நாட்டமும் குறைந்துவிட்டதாகவும் அவர் எழுதுகிறார். அந்நிலையில் தாயார்தாம் மாதத்திற்கு ஒருமுறை, நாற்பது நாட்களுக்கு ஒருமுறை அவரைக் கடிந்து விரட்டி அனுப்புவாராம். ஒரு பெண் மகவு பிறந்தது. ஃபக்ருன்னிஸா எனப் பெயரிட்டனர். நாற்பது நாட்களுக்குள் அது மறைந்தது. அத்திருமணமும் நிலைக்கவில்லை. அன்னை 1505-இல் காபூலில் காலமானார். பாபரின் அரியணைக்கு உரியவரான ஹுமாயூன் பிறந்தது 1508-இல்!

இரண்டாமவர் ஹுமாயூனின் தாயார் மாஹம் பேகம். அவர் பெற்ற மக்களுள் ஹுமாயூன் ஒருவரே வளர்ந்து ஆளானார்; ஏனையோர் இளமையிலேயே மறைந்தனர். ஒரே மகனின் குலம் தழைக்க வேண்டுமே என்னும் ஏக்கம் அத்தாயுள்ளத்தில் எழுந்ததில் வியப்பில்லை. 1528-இல் ஹுமாயூனுக்கு அவர் மனைவி பேகா பேகத்தின் வயிற்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பாட்டனாராகிய பாபர் மகிழ்ந்து கடிதம் வரைந்தார். ஆயினும் 'அல்-அமான்' என்னும் பெயரைப் பொதுமக்கள் திரித்து உச்சரிப்பார்களே என்று அக்கடிதத்திலேயே குறையும் பட்டுக்கொண்டார். பேரன் பெயரில் குறை காணாத பாட்டனார் எவர்! ஆனால் அக்குழந்தை நெடுநாள் வாழவில்லை. 1530-இல் பாபரும் மறைந்தார்.

அதன்பின் நடந்ததை மாஹம் பேகத்தின் வளர்ப்பு மகளும் பாபரின் மகளுமான குல்பதன் பேகம், தாம் பாரசீகத்தில் எழுதிய ஹுமாயூன் நாமாவில் விவரிக்கிறார். அழகும் குணமும் வாய்ந்த பெண் எங்கிருந்தாலும் மாஹம் பேகம் அவளைத் தம் மகனின் இல்லத்தில் சேர்க்க முனைந்தார். குல்பதனிடம் பணிபுரிந்த மேவாஜான் என்னும் பெண்ணை அவ்வாறே ஹுமாயூனுக்கு மணம் செய்வித்தார். சின்னாட்களில் பேகா பேகமும் காபூலிலிருந்து வந்து சேர்ந்து கருவுற்றார். தானும் கருவுற்றிருப்பதாக மேவாஜான் கூறினாள்.

மாஹம் பேகத்தின் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. ஆண் மகவைப் பெறுபவருக்குத் தருவதற்கென இரண்டு தொகுதிப் படைக்கலங்களை ஆயத்தம் செய்தார். பொன்னாலும் வெள்ளியாலும் அக்ரோட்டுக் கொட்டைகள் செய்து வைத்தார். பேகாவுக்குப் பிறந்ததோ பெண். அகீகா எனப் பெயரிட்டனர். அன்னையின் கண்கள் மேவாஜான்மீது திரும்பின. பத்துத் திங்கள் சென்றன, பதினொன்றும் சென்றது. தன் சிற்றன்னை ஒருத்தி பன்னிரண்டாம் திங்களில் ஈன்றதாகவும், தானும் அவ்வாறே ஈனக்கூடும் என்றும் அவள் கூறினாள். அதனையும் நம்பிக் கூடாரங்கள் தைத்தனர். தலையணைகளில் பஞ்சு அடைத்தனர். இறுதியில் எல்லாம் பொய் என்பது வெளியாயிற்று.

மேவாஜான் கூறியது பொய்தான்; அதற்கு நாம் வாதாட வரவில்லை. ஆனால் அப்பொய்யை அவளிடமிருந்து வருவித்தது எது? 'ஆம்' என்னும் ஒரே விடையை மட்டும் எதிர்பார்த்து நாள்தோறும் நோக்கும் கண்களுக்கு முன்னால், எளிய ஒரு பெண் வேறென்ன கூறுவாள்? மாஹம் பேகத்திடம் கொடுமை இல்லை; அன்புதான் இருந்தது. அன்பே அளவு கடந்தபோது சுமையாயிற்று.

பாபர் மறைந்து நான்காண்டுகள் நிறையுமுன் மாஹம் பேகமும் கண்மூடினார். அவர் ஏங்கிய பேரர் 1542 அக்டோபரில் சிந்துவின் உமர்கோட்டையில் பிறந்தார். அவரே அக்பர். அப்போது ஹுமாயூன் நாடிழந்து அலைந்துகொண்டிருந்தார். அன்னை ஹமீதா பானுவோ மாஹம் பேகம் தேடிவைத்த பெண்ணல்லர். திருமணத்திற்கு நாற்பது நாட்கள் இசையாது மறுத்து நின்றவர். செல்வம் குவிந்த அரண்மனையில் கிட்டாத பேறு பாலைவழியில் கிட்டியது. அல்லாஹ்வின் நாட்டத்திற்கு நாம் நாள் குறிக்க இயலுமோ?

பேகா பேகத்தின் கதையையும் கூறாது விடுவதற்கில்லை. மகன் மழலையிலேயே மறைந்தான். மகள் அகீகாவோ 1539-இல் சௌசாப் போரின் குழப்பத்தில் காணாமற்போனாள். மக்களின்றி நின்ற அப்பெருமாட்டி பின்னாளில் ஹஜ்ஜுக்குச் சென்று ஹாஜி பேகம் எனப் பெயர் பெற்றார். டில்லியில் இன்றும் நின்று நிலவும் ஹுமாயூன் கல்லறை மாடத்தை எழுப்புவித்த பெருமை அவருக்கே உரியதாக வரலாற்றார் கூறுகின்றனர். வாரிசைத் தர இயலாத மருமகள் கணவரின் பெயரைக் கல்லில் நிலைநாட்டினார்.

சிலருக்குப் பெண்மக்களையும், சிலருக்கு ஆண்மக்களையும், சிலருக்கு இரண்டையும் தருபவனும், சிலரை மக்களற்றவராக ஆக்குபவனும் இறைவனே என்பது திருமறை நமக்குக் கற்பிக்கும் பாடம். இதனை அறிந்தும் நம் இல்லங்களில் மருமக்களை வினாக்களால் வாட்டுகிறோம்.

பேரன் முகம் காண விழைவது பிழையன்று. தள்ளாத வயதில் மகவு வேண்டிய நபி ஸக்கரிய்யா அலைஹிஸ்ஸலாம் அவர்களும் தம் ஏக்கத்தை உரைத்தார்கள். ஆனால் தம் இறைவனிடம், தாழ்ந்த குரலில் உரைத்தார்கள். நம் கவலையையும் தொழுகை விரிப்பில் அமர்ந்து அவனிடமே கூறுவோம். மருமகளிடம், "உண்டாயா, உறங்கினாயா?" என்று மட்டும் கேட்போம்.