வேலூரில் மறைந்து நின்ற மாளிகைகள்

"நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்" என்று நமது வேலூரைக் குறித்து ஜனங்கள் பரிகாசமாய்ச் சொல்லி வந்ததை நம்மவர் யாவரும் அறிவர். இவற்றுள் மூன்றாவது சொல் 1981-ஆம் வருஷத்தில் பொய்யாயிற்று. அவ்வரலாறு நாம் சிந்திக்கத்தக்கது.

விஜயநகர வேந்தரின் கீழிருந்த நாயக்கர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், கருங்கல்லும் அகழியுமாய் எழுந்தது இக்கோட்டை. அதனுள்ளே ஜலகண்டேசுவரர் ஆலயம். அதன் முன்முற்றத்தே கலியாண மண்டபம். குதிரை வீரரும் யாளிகளும் பாய்ந்தெழும் தூண்களும், கிளிகள் தலைகீழாய்த் தொங்கும் விதானமும் அம்மண்டபத்தின் சிறப்புக்களாம். யுத்தங்களினால் பூஜை நின்றது. பிற்பாடு கோயிலுக்குள் ஆயுதச்சாலை புகுந்தது. சிற்பங்களை மண் மூடவில்லை; ஆயினும் வழிபடுவார் கண்ணுக்கு அவை நெடுங்காலம் மறைந்தே கிடந்தன. 1981 மார்ச்சு 16-ஆம் தேதி சத்துவாச்சாரியிலிருந்த இலிங்கத்தை மீண்டும் கொணர்ந்து நிறுவிய பின்னரே ஜனங்கள் அம்முற்றத்தைத் தமதென்று கண்டனர்.

கோட்டையின் மகால்களின் கதையும் இத்தகையதே. 1799-இல் திப்பு சுல்தான் மாண்டபின் அவர் குடும்பத்தார் இங்கே காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இம்மதில்களுக்குள்ளேதான். கண்டி நாட்டின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816 முதல் இங்கே சிறையிருந்து 1832-இல் காலமானார். பாலாற்றங்கரையில் அவர் சமாதியிருக்குமிடத்தில் 1990-இல் முத்து மண்டபம் எழுந்தது. அதன் அருகே நாள்தோறும் நடப்போரில் எத்தனை பேர் உள்ளே சென்று பார்த்திருப்பர்?

அன்பர்களே, அரசர் மாளிகைக்கு நேர்ந்தது நமது வீடுகளுக்கும் நேர்கின்றது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் பழந்தெருக்களில், முன்புறம் கடையாகவும் கிடங்காகவும் மாறிய வீடுகளுள் திண்ணையும், நடையும், வானம் பார்த்த முற்றமும் இன்னும் மறைந்திருக்கக் கூடும். கோயிலுக்கும் கோட்டைக்கும் காவலுண்டு. இவ்வீடுகளுக்கோ நம்மையன்றிக் காவலில்லை. பாகப்பிரிவினையில் ஒரு சுவர் எழுந்தால் முற்றம் போம். வீட்டை இடித்தால் அதன் நினைவும் உடன் போம்.

பழைய வீட்டை வைத்துக்கொள்ள எல்லாராலும் இயலாதென்பதை யாம் அறிவோம். ஆதலால், இடிப்பதற்கு முன்பாவது அளவெடுத்துப் படம் பிடித்து, நிலைவாசலில் வருஷம் பொறித்திருப்பின் அதனையும் குறித்து, வீட்டின் மூத்த பெண்மக்கள் சொல்லும் வரலாற்றையும் கேட்டெழுதி வைக்குமாறு வேண்டுகின்றோம். நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் செல்வத்துள் இதுவும் ஒன்றாகும்.