லினக்ஸ் கர்னலில் செயலிவாரி டைமர் வழுக்கள்

பல நுண்செயலிகள் கொண்ட கணினியில் ஒவ்வொரு செயலிக்கும் சொந்த டைமரும், காத்திருக்கும் வேலைகளின் தனி வரிசையும் உண்டு. அந்த டைமர் நின்றுபோவதாலும், அதன் நேரக்கணக்கு பழசாகிப்போவதாலும், நீக்கப்பட்ட வேலையை அது எழுப்புவதாலும் நேரும் பிழைகள் செயலிவாரி டைமர் வழுக்கள் எனப்படும்.

வரலாறு

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) ஒற்றைச் செயலிக்கானது. நொடிக்கு 11,93,182 துடிப்புகளை எண்ணும் டைமர் சிப் ஒன்று, நொடிக்கு 100 முறை செயலிக்குக் குறுக்கீடு அனுப்பியது. குறுக்கீட்டுக்கு ஒன்றாக 'ஜிஃபீஸ்' என்னும் எண்ணிக்கை கூடியது. 32 பிட் அளவே இருந்ததால் அது 497 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். எண்களை நேரடியாக ஒப்பிட்டு எழுதிய நிரல்கள் அந்தக் கணத்தில் தடுமாறும். அத்தனை நாள் காத்திருந்து சோதிப்பது நடவாத காரியம். எனவே கணினி தொடங்கிய 5 நிமிடத்திலேயே எண்ணிக்கை சுழியத்தைத் தாண்டும்படி தொடக்க மதிப்பை மாற்றி அமைத்தனர். ஒளிந்திருக்கும் வழுவை வலிந்து வெளியே இழுக்கும் இந்த வழக்கமே கர்னல் பராமரிப்பின் தலைசிறந்த மரபு.

1987இல் ஜார்ஜ் வர்கீசும் அந்தோணி லாக்கும் விவரித்த, டைமர்களை அவை முடியும் நேரப்படி வட்டமாக அடுக்கும் 'டைமர் சக்கரம்' என்ற அமைப்பை லினக்ஸ் பின்னர் ஏற்றது. 2.4 பதிப்புவரை எல்லாச் செயலிகளின் டைமர்களையும் ஒரே பூட்டு காத்தது. 2.5 தொடரில் இங்கோ மோல்நார் வரிசைகளைச் செயலிவாரியாகப் பிரித்தார். வேகம் கூடியது. ஆனால் ஒரு செயலி அறிந்ததை மற்றொன்று அறியாத நிலையும் அதனோடு வந்தது.

வகைகளும் திருத்தங்களும்

உறங்கும் டைமர்: ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போகும் பழைய செயலிகளில் உள்ளமைந்த டைமரும் நின்றுவிடும். தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோரின் உழைப்பால் 2007இல் வந்த 2.6.21 பதிப்பில், வெளி டைமர் ஒன்று விழித்திருந்து உறங்கும் செயலிகளை எழுப்பும் ஏற்பாடு சேர்ந்தது.

பழைய கணக்கு: 2012 ஜூன் 30 நள்ளிரவில் உலக நேரத்தில் லீப் நொடி (புவியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போகச் சேர்க்கும் கூடுதல் நொடி) சேர்க்கப்பட்டபோது, செயலிகளின் டைமர் வரிசைகளுக்கு அந்த மாற்றம் சொல்லப்படவில்லை. அதனால் ஒரு நொடிக்கும் குறைவான காத்திருப்புகள் உடனே முடிந்து, உலகெங்கும் பல சர்வர்கள் ஓயாமல் சுழன்றன. தேதியை மறுபடி அமைத்தது தற்காலிக நிவாரணம். ஒவ்வொரு டைமர் குறுக்கீட்டிலும் புதிய நேர வித்தியாசத்தைப் படித்துக்கொள்வது நிரந்தரத் தீர்வு. பிழை கர்னலுடையது, லீப் நொடியுடையதன்று.

நீக்கப் போட்டி: ஒரு செயலி டைமரை நீக்கி நினைவகத்தை விடுவிக்கும்போது, அதன் பணி வேறொரு செயலியில் ஓடிக்கொண்டிருக்கலாம். பணி முடியும்வரை காத்திருந்து நீக்கும் செயற்கூறு பெரும்பாலும் போதும். அது போதாத இடங்களுக்காக, டைமரை மீண்டும் இயக்கவே முடியாதபடி மூடும் வழி 2023இல், 6.2 பதிப்பில் வந்தது.

தற்போதைய நிலை

2024இல் வெளிவந்த 6.9 பதிப்பு முதல், ஓய்ந்திருக்கும் செயலியின் டைமர்களை விழித்திருக்கும் செயலிகள் எடுத்து நடத்துகின்றன.