ஃபார்மேட் மாரனா படேகா!

போன ஞாயித்துக்கிழமை பரணை ஒழிக்கும்போது பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணு கையில சிக்கிச்சு. உள்ளே எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத சாவிகள், ஒரு நோக்கியா சார்ஜர், ஒரு பென் டிரைவ். 1 ஜிபி. அது மேல ஒட்டின பிளாஸ்திரியில தங்கமணி கையெழுத்துல "தொடாதே"ன்னு எழுதியிருந்துச்சு. அவ்வளவுதான், கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. காபியைக் கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

2007. புனேல ஔந்த் பக்கம் வாடகை வீடு. ஹால்ல ஒரு அசெம்பிள்டு பொட்டி, 80 ஜிபி டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. (ஒரிஜினலான்னு கேக்காதீங்க. அந்தக் காலத்துல யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.) சி டிரைவ்ல விண்டோஸ், டி டிரைவ்ல நம்ம சொத்து. சொத்துன்னு சும்மா சொல்லல. அதுக்கு முந்தின வருஷம் மழைக்காலத்துல அப்பா வந்து ரெண்டு மாசம் எங்களோட இருந்தார். புனே மழை தெரியுமில்ல, வாக்கிங்கூட போக முடியாம வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தார். சரின்னு 150 ரூபா ஹெட்செட் ஒண்ணை மாட்டிவிட்டு "பேசுங்கப்பா"ன்னேன். எக்ஸ்பியோட வர்ற சவுண்ட் ரெக்கார்டர் ஒரு நிமிஷத்துல நின்னுடும். அதனால ஆடாசிட்டியை இறக்கி வச்சிருந்தேன். மூணு ராத்திரி, மொத்தம் நாப்பது நிமிஷம். 1952 புயல்ல கொல்லைப்புறத் தென்னை ஒவ்வொண்ணா சாஞ்சது, தாத்தா நெல் மூட்டைகளைத் திண்ணையிலேர்ந்து கூடத்துக்கு இழுத்தது, மறுநாள் காலைல ஊர் மொட்டையா நின்னது. இதையெல்லாம் எங்ககிட்ட அவர் முன்னாடி சொன்னதே கிடையாது.

2007-ல அவருக்கு எழுபது. திருக்கடையூர்ல பீமரத சாந்தி நடந்துச்சு. சித்தப்பா பையனோட டிஜிட்டல் கேமராவுலதான் படமெல்லாம். ஊர் திரும்பற அவசரத்துல மாயவரத்துல ஒரு ஸ்டூடியோல மெமரி கார்டைக் கொடுத்து, இந்தப் பென் டிரைவ்ல ஏத்தி வாங்கிக்கிட்டு ரயிலேறிட்டோம்.

புனே வந்ததும் சொருகினேன். டபுள் கிளிக். ஃபோல்டர் திறந்துச்சு, குடும்பமே உக்காந்து 112 படத்தையும் பாத்தோம். அப்புறம் அந்த ஃபோல்டரை டி டிரைவுக்குக் காப்பி பண்ணினேன். ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுது. நூத்துப் பன்னெண்டு படம் எப்படிடா ரெண்டே செகண்ட்ல காப்பி ஆகும்னு எனக்குத் தோணவே இல்லை. இத்தனைக்கும் ஆபீஸ்ல சாஃப்ட்வேர்லதான் ஆணி புடுங்கறேன்!

மறுநாள்லேர்ந்து கூத்து ஆரம்பம். பொட்டி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துடுச்சு. என்னதான் ஓடுதுன்னு பாக்க டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட்டா, "உங்கள் நிர்வாகி இதை முடக்கியிருக்கிறார்"னு இங்கிலீஷ்ல ஒரு அறிவிப்பு. (எங்க வீட்டு நிர்வாகியைத் திரும்பிப் பாத்தேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம்.) ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்னு மெனுவுல ஒரு வரி இருக்கும், அதைக் காணோம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் திறக்கல. உள்ளே போன ஆள் வாசக்கதவு, கொல்லைக்கதவு, ஜன்னல்னு எல்லாத்துக்கும் தாழ்ப்பாள் போட்டுட்டான்.

ஒரு இலவச ஆன்ட்டி வைரஸை இறக்கி ஓட்டினேன். ராத்திரி முழுக்க ஓடி, நூத்துக்கணக்குல பிடிச்சு அழிச்சிட்டேன்னு சொல்லிச்சு. சந்தோஷமா டி டிரைவைத் திறந்தா காலி. ஒரு ஃபோல்டர்கூட இல்லை. அந்த டிரைவோட ப்ராப்பர்ட்டீஸ்ல வட்டமா ஒரு படம் வருமே, எவ்வளவு இடம் நிரம்பியிருக்குன்னு காட்டறது, அதுல நீலம் முன்ன இருந்த அளவே இருந்துச்சு. அதையும் பாத்தேன். பாத்துட்டு மூடிட்டேன்.

தெருமுனைக் கடையிலேர்ந்து வந்த பையன் ரெண்டு நிமிஷம் தட்டிப் பாத்தான். "பூரா டேட்டா உட் கயா சார். ஃபார்மேட் மாரனா படேகா." பையிலேர்ந்து எக்ஸ்பி சிடி தயாரா வெளிய வந்துச்சு. 350 ரூபா. "டி மே பீ ஹோகா"ன்னு சொல்லி டி டிரைவையும் சேத்து. நான் தலையாட்டினேன். பென் டிரைவையும் கேட்டான். தங்கமணிதான் வெடுக்குனு பிடுங்கிக்கிட்டு, "அதுல ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்லைங்க, அது இருக்கட்டும்"னாங்க. பிளாஸ்திரி ஒட்டி டப்பாக்குள்ள போனது அன்னிக்குத்தான். மாயவரத்துக்குப் போன் பண்ணினா அந்தக் கடைப் பொட்டியும் அதே நோயில படுத்து ஃபார்மேட் ஆகியிருந்துச்சு. சித்தப்பா பையனோட கார்டுல அதுக்குள்ள வேற யார் வீட்டு வளைகாப்போ ஏறிடுச்சு.

வைரஸ்னா உடனே ஃபார்மேட்ங்கற இந்த வைத்தியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி ஒரு வெறியோட தேடிப் படிச்சேன். ஆரம்பத்துல அது வைத்தியமே இல்லை. 1982-ல அமெரிக்காவுல ரிச் ஸ்க்ரெண்டான்னு 15 வயசுப் பையன் ஆப்பிள் 2-க்கு எழுதின எல்க் குளோனர், பிளாப்பிக்குப் பிளாப்பி தாவி, அம்பதாவது தடவை பூட் பண்ணும்போது ஒரு குறும்புப் பாட்டைத் திரையில காட்டும், அவ்வளவுதான். பீசி உலகத்துக்கு முதல் வைரஸ் நம்ம பக்கத்து நாட்டுலேர்ந்து வந்துச்சு. 1986-ல லாகூர்ல பாசித், அம்ஜத் ஃபரூக் அல்வின்னு அண்ணன் தம்பி. தாங்கள் எழுதின மருத்துவ மென்பொருளைத் திருட்டுக் காப்பி எடுக்கறவங்களைப் பிடிக்கறதுக்காக எழுதினதுன்னு அவங்க சொன்னாங்க. பேரு பிரெயின். அதுக்குள்ளயே அவங்க பேர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் இருக்கும்! 2011-ல ஃபின்லாந்துலேர்ந்து மிக்கோ ஹிப்போனென்ங்கற வைரஸ் நிபுணர் அந்த விலாசத்தைத் தேடிக்கிட்டுப் போனார். கதவைத் திறந்தது அதே சகோதரர்கள்தான். இன்டர்நெட் கம்பெனி நடத்திக்கிட்டு இருந்தாங்க. 1990-ல இந்தியாவுலேர்ந்து கிளம்பின ஜோஷி வைரஸும் இதே ஜாதிதான். ஜனவரி 5-ம் தேதி பொட்டி உறைஞ்சு போகும், "ஹேப்பி பர்த்டே ஜோஷி"ன்னு தட்டினாத்தான் விடும். (எங்க ஆபீஸ்ல மூணு ஜோஷி. பொறந்தநாள் என்னிக்குன்னு ஒவ்வொருத்தரையா விசாரிச்சேன். முறைச்சாங்க.)

பயம் வந்தது அப்புறம். மார்ச் 6-ம் தேதி டிஸ்கோட ஆரம்பப் பகுதியை மேலெழுதி அழிக்கற மைக்கலாஞ்சலோ 1992-ல உலகத்தையே கதிகலங்க வச்சுது. பத்திரிகைகள் லட்சக்கணக்குல போகும்னு எழுதினாங்க, கடைசியில போனது ஆயிரக்கணக்குலதான். ஆனா புனேல ஒரு பெரிய கம்பெனியே இந்தப் பயத்துலேர்ந்துதான் முளைச்சுது. கைலாஷ் காட்கர் கால்குலேட்டர் ரிப்பேர்ல ஆரம்பிச்சுக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர். கடைக்கு வர்ற பொட்டிகள்ல வைரஸைப் பாத்து, படிச்சுக்கிட்டிருந்த தம்பி சஞ்சய் மருந்து எழுத ஆரம்பிச்சார். அதுதான் குவிக் ஹீல்.

அப்புறம் 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதின சிஐஎச். டிஸ்கோட முதல் 1 எம்பியை மேலெழுதி அழிக்கும், சில மதர்போர்டுகள்ல பயாஸையும் அழிச்சிடும். செர்னோபில் விபத்து நடந்த அதே தேதிங்கறதால அந்தப் பேரே நிலைச்சுது. தென் கொரியாவுலயும் துருக்கியிலயும் பலமான அடி, இந்தியாவுலயும் விழுந்துச்சு. அன்னிக்கு ரிப்பேர் கடைகள்ல வேலை பாத்தவங்க, செத்த பொட்டிகளைக் கண்ணால பாத்தவங்க. அவங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டவன்தான் எங்க வீட்டுக்கு வந்த பையன்னு நான் நினைச்சுக்கறேன். அவன் குருவுக்கு அது சரியான வைத்தியம்தான்.

ஆனா நோய் மாறிடுச்சு. 2000 மே 4-ம் தேதி மணிலாவுலேர்ந்து கிளம்பின "ஐ லவ் யூ"வைக் கவனிச்சா அந்த மாற்றம் ஒரே வைரஸ்குள்ள தெரியும். படங்களை மேலெழுதி அழிச்சுது. ஆனா எம்பி3 பாட்டுகளை அழிக்காம மறைச்சு மட்டும் வச்சுட்டு, அதே பேர்ல தன்னோட நகலை உக்கார வச்சுது. பென் டிரைவ் காலத்துல இந்த மறைக்கிற வித்தைதான் முழுநேரத் தொழில். திருடன் வீட்டுக்காரன் வேஷம் போடணும்னா, வீட்டுக்காரனை உள்ளறையில தள்ளித் தாழ்ப்பாள் போடணும்தானே. உங்க ஃபோல்டருக்கு ஒளிஞ்சிருக்கற கோப்பு, சிஸ்டம் கோப்புன்னு ரெண்டு முத்திரை குத்திடும். ரெண்டாவது முத்திரை இருந்தா எக்ஸ்பி சாதாரணமா அதைக் காட்டாது. அப்புறம் அதே பேர்ல, ஃபோல்டர் படம் போட்ட ஒரு எக்ஸி கோப்பு. கோப்போட வாலை எக்ஸ்பி தானாவே மறைச்சு வைக்கறதால எக்ஸின்னு உங்களுக்குத் தெரியாது. கிளிக் பண்ணினா வைரஸும் ஓடும், நிஜ ஃபோல்டரும் திறக்கும். போதாததுக்கு ஆட்டோரன்னு ஒண்ணு. விண்டோஸ் 95-ல சிடி போட்டா தானா ஓடட்டும்னு வச்ச வசதி. பென் டிரைவை டபுள் கிளிக் பண்ணினாலே அது வேலையைக் காட்டிடும். பிரவுசிங் சென்டர், ஸ்டூடியோ, டிடிபி கடைன்னு கைக்குக் கை பென் டிரைவ் சுத்தின நம்ம ஊருக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி.

அப்பா 2008 டிசம்பர்ல போயிட்டார்.

2009-ல ஒரு சாயங்காலம் பக்கத்து பிளாக் திருநெல்வேலி அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் பொட்டியிலயும் அதே கதை, எல்லா ஃபோல்டரும் காணோம். அனுபவஸ்தனாச்சே, "ஃபார்மேட் அடிச்சிடுங்க அண்ணாச்சி"ன்னேன். இஞ்சினியரிங் படிக்கிற அவர் பையன், "இருங்க அங்கிள்"னு உபுண்டு சிடியைப் போட்டான். கனானிகல்காரங்க அப்பல்லாம் இலவசமாவே தபால்ல அனுப்புவாங்க. லினக்ஸுக்கு விண்டோஸோட அந்த ரெண்டு முத்திரையைப் பத்திக் கவலை கிடையாது. பொட்டி திறந்ததும் அண்ணாச்சியோட டி டிரைவ் முழுசா அப்படியே இருந்துச்சு. கல்யாண ஆல்பம், எல்ஐசி கணக்கு, எல்லாம். அப்புறம் விண்டோஸுக்குத் திரும்பி வைரஸைத் துரத்திட்டு, கறுப்புத் திரையில ஒரே வரி தட்டினான். அட்ரிப், மைனஸ் எச், மைனஸ் எஸ், மைனஸ் ஆர், கடைசியில ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி. டாஸ் காலத்துக் கட்டளை. ஃபோல்டரெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு.

அண்ணாச்சி வீட்டுல டீ கொடுத்தாங்க. என்னால குடிக்க முடியல. அந்த நீல வட்டம்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு.

வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்தேன். உபுண்டுல பென் டிரைவைச் சொருகினா 112 படமும் இருந்துச்சு. சிடியில எழுதி அக்காவுக்கும் தம்பிக்கும் கூரியர் பண்ணினேன். என் டிஸ்க்குல ஃபோட்டோரெக்ங்கற மீட்பு மென்பொருளை ரெண்டு ராத்திரி ஓட்டினேன். ரெண்டு வருஷமா அது மேல எக்ஸ்பி, ஆபீஸ் ஆணிகள், பொண்ணோட கார்ட்டூன்னு எழுதி எழுதி நிரப்பியாச்சே. வலைப்பக்கங்களோட குட்டிக் குட்டி ஐகான்கள் ஆயிரக்கணக்குல கிடைச்சுது. குரல் கிடைக்கல. வைரஸ் அதைத் தொடக்கூட இல்லை, மறைச்சுத்தான் வச்சிருந்துச்சு. அழிச்சது 350 ரூபா கொடுத்து நான்.

அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். 2008 நவம்பர்ல கிளம்பின கான்ஃபிக்கரும் ஒரு மாசத்துல பென் டிரைவ் வழியைப் பிடிச்சுக்கிச்சு. 2009 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 7-ல பென் டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தினாங்க. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியிலதான் அப்டேட் வழியா அதே மருந்து பரவலா வந்துச்சு. தொற்று வெகுவாக் குறைஞ்சுது. இப்ப வீட்டுப் பொட்டிக்கு வர்றது வேற ரகம். பணம் பறிக்கிற ரேன்சம்வேர் கோப்புகளை மறைக்கறதில்லை, நிஜமாவே பூட்டி எழுதிடுது. அட்ரிப் அதுக்குச் செல்லாது. வெளிய தனியா ஒரு டிஸ்க்குல நகல் இருந்தாத்தான் தப்பிக்கலாம். எங்க வீட்டுல இப்ப ரெண்டு இருக்கு. ஒண்ணு தம்பி வீட்டுல.

போன ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். பிளாஸ்திரியை உரிச்சுட்டு லேப்டாப்ல சொருகினேன். டிஃபெண்டர் ஓரத்துல எட்டிப் பாத்து, எக்ஸியைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டேன்னு சொல்லிச்சு. எங்களைத் தூங்க விடாம அடிச்சவன் ஒரு நொடிகூட நிக்கல. பென் டிரைவைத் திறந்தா காலி. வட்டத்துல நீலம் இருக்கான்னு முதல்ல பாத்துட்டு, கறுப்புத் திரையைத் திறந்து அந்த ஒரு வரியை நானே தட்டினேன். "திருக்கடையூர் அப்பா"ன்னு ஃபோல்டர் வந்து நின்னுச்சு. சத்தம் கேட்டுத் தங்கமணி அடுப்பை அணைச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க.